தைப்பூசத்தன்று வந்த சேதி

பஸ் ஓட்டிப் பிழைக்கிறவனைப் பயணியாக உட்கார வைப்பதைப் போல ஒரு தண்டனை கிடையாது. திருவண்ணாமலை வந்து சேரும்வரை என் வலது கால் இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தது. நான் மலேசியாவில், கிள்ளானில், ஃபேக்டரி பஸ் ஓட்டுகிறேன். அங்கே பின்னால் நின்று ஹாரன் அடித்தால் வண்டியை விட்டு இறங்கி வந்து என்ன ஏது என்று கேட்பார்கள். இங்கே ஹாரன் சத்தம் நின்றால் டிரைவர் தூங்கிவிட்டாரோ என்று பயணிகள் எட்டிப் பார்க்கிறார்கள். எதிரே வந்த கரும்பு லாரிக்கு எங்கள் டிரைவர் ஒரு விரற்கடை இடம் விட்டு ஒதுங்கியபோது நான் முன்சீட்டுக் கம்பியை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டிரைவர் ஒரு கையில் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தார்.

"காலைச் சும்மா வச்சிருங்க. என் செருப்பை மிதிக்கிறீங்க" என்றாள் என் மனைவி சாந்தா.

அந்த பஸ்ஸில் அவள் பேசியது அவ்வளவுதான். மடியில் ஒரு துணிப்பை வைத்திருந்தாள். உள்ளே கறுப்பு எள், பச்சரிசி, தர்ப்பை. எல்லாம் கிள்ளானில் வாங்கியது. "இதெல்லாம் தமிழ்நாட்டுலேருந்துதான் நம்ம ஊருக்கு வருது. அதை மறுபடி இங்கேயே தூக்கிட்டு வர்றியே" என்று விமான நிலையத்தில் கேலி செய்தேன். அவள் சிரிக்கவில்லை. நானும் சிரிக்க வைக்கத்தான் சொன்னேன் என்று சொல்ல முடியாது. வாய் சும்மா இருக்காது, அவ்வளவுதான்.

எங்கள் ஒரே பிள்ளை தினேஷ் போன வருஷம் எங்களை விட்டுப் போய்விட்டான். டெங்கு. கல்யாணப் பேச்சு எடுத்திருந்த வயது. காய்ச்சல் என்று படுத்தவன் ஒரு வாரத்தில் இல்லை. பெற்றவன் கொள்ளி வைக்கக்கூடாது என்று சொந்தக்காரர்கள் என்னைப் பின்னால் இழுத்துவிட்டு, என் தங்கை மகன் கையில் நெருப்பைக் கொடுத்தார்கள். வருஷத் திதி நெருங்கியதும் மறுபடி அதே பேச்சு. பெரியவர்கள் சின்னவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்கலாமா கூடாதா என்று ஆளுக்கொரு சட்டம் சொன்னார்கள். சாந்தா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள்.

அப்போதுதான் எங்கள் ஊர்க் கோயிலில் ஒரு அம்மா அவளிடம் வல்லாள மகாராஜா கதையைச் சொல்லியிருக்கிறார். திருவண்ணாமலையை ஆண்ட ராஜா. பிள்ளை இல்லை. 'உனக்கு நானே பிள்ளையாக இருந்து கடைசிக் காரியம் செய்கிறேன்' என்று அண்ணாமலையார் வாக்குக் கொடுத்தாராம். இன்றைக்கும் வருஷம் தவறாமல் சாமி கோயிலை விட்டுப் புறப்பட்டுப் போய், செத்துப்போன ராஜாவுக்குத் திதி கொடுக்கிறார். சாந்தா அன்றிரவே என்னிடம் சொன்னாள். "பிள்ளை இல்லாதவருக்கு சாமியே பிள்ளையா வந்து நிக்கிறாரு. அதே இடத்துல பிள்ளைக்குப் பெத்தவங்க கொடுத்தா வேணாம்னு சொல்லிருவாரா? அந்த நாள்ல அங்க போய்க் கொடுப்போம்."

எந்த நாள் என்று கேட்டேன். தைப்பூசம் என்றாள்.

என் பக்கத்து ஆசை ஒன்று இருந்தது, அதையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். தினேஷ் கண்ணை மூடியபோது நான் மட்டும்தான் பக்கத்தில் இருந்தேன். சாந்தா கஞ்சி வைத்து எடுத்துவர வீட்டுக்குப் போயிருந்தாள். விஷயத்தைச் சொல்ல நான் வீட்டுக்கு வந்து வாசலில் நின்றபோது, என் முகத்தைப் பார்த்துவிட்டு ஓடிவந்து என் வாயைப் பொத்தினாள். "சொல்லாதீங்க" என்றாள். சொல்லவில்லை. சாவு வீட்டில் அவள் அழவும் இல்லை, வந்தவர்களுக்கு நாற்காலி போட்டுக்கொண்டிருந்தாள். அதற்குப் பிறகு எப்போது நான் ஆஸ்பத்திரிப் பேச்சை எடுத்தாலும் எழுந்து சமையலறைக்குப் போய்விடுவாள். என் பிள்ளையின் கடைசி நேரம் ஒரு வருஷமாக என் ஒருவனிடமே கிடந்தது. அதை யாரிடமும் சொல்ல எனக்கு மனசில்லை. பெற்றெடுத்தவள் அவள், முதலில் அவளிடம்தான் சொல்ல வேண்டும். திதி ஒன்று முடிந்துவிட்டால் கேட்பாள் என்று நம்பிக்கொண்டு டிக்கெட் எடுத்தேன்.

நாங்கள் போய் இறங்கியது பௌர்ணமிக்காகக் கூடத் தொடங்கியிருந்த கூட்டத்தில். கிரிவலம் சுற்ற ஊர்ப்பட்ட ஜனம். பஸ் நிலையத்தில் எங்களைப் பிடித்த ஆட்டோக்காரர் பெயர் ஏழுமலை.

"இன்னா சார், மலேசியாவா?"

எப்படித் தெரிந்தது என்று கேட்டேன்.

"பொட்டியில பேரு எழுதி கயிறு கட்டினா மலேசியா. பேரு எழுதாம கயிறு கட்டினா நம்ம ஊரு ஆளுங்க துபாய்லேருந்து வராங்கனு அர்த்தம்."

லாட்ஜ் வாசல்வரை விடுவேன் என்று சத்தியம் செய்தவர் பாதி வழியில் போலீஸ் தடுப்பைப் பார்த்து நிறுத்திவிட்டார். "இதுக்கு மேல வண்டிய வுட மாட்டாங்க சார். கூட்டம் ஜாஸ்தி." இறங்கிப் பெட்டியை இழுத்துக்கொண்டு நடந்தோம். நாலாவது பள்ளத்தில் பெட்டியின் சக்கரம் ஒன்று கழன்று சாக்கடைப் பக்கம் உருண்டு போனது. நான் திட்டத் தொடங்குவதற்குள் ஏழுமலை ஆட்டோவைப் போட்டுவிட்டு ஓடிவந்து பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டார். திட்ட வந்ததை விழுங்கிக்கொள்ள வேண்டியதாயிற்று.

அன்று சாயங்காலம் சாப்பிடப் போன இடத்தில், "பசியாற என்ன இருக்கு?" என்று கேட்டேன். எங்கள் ஊரில் எல்லாரும் அப்படித்தான் கேட்போம். பரிமாறுகிறவர் என்னை ஒரு மாதிரி பார்த்து, "டிபனா சார்?" என்றார். இட்லியும் மெதுவடையும் வந்தன. சாம்பார் எங்கள் ஊர் சாம்பாரைவிட நீர்த்தது, ஆனால் உள்ளே இறங்கியதும் உடம்பு ஒத்துக்கொண்டது. பக்கத்து மேசையில் ஒரு பையன், கல்லூரி முடித்த வயதிருக்கும், பூரியைப் பிய்த்துப் பிய்த்து வாயில் திணித்துக்கொண்டிருந்தான். சாந்தா அவனையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மெதுவா சாப்பிடுப்பா. விக்கிக்கப் போகுது" என்றாள்.

அவன் நிமிர்ந்து, "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டு உண்மையிலேயே மெதுவாகச் சாப்பிட்டான். அவள் இட்லி ஆறிப்போயிருந்தது.

மறுநாள் கிரிவலம். விடியலில் தொடங்கினோம். மலேசியாவில் பத்துமலைப் படி ஏறினால் ஒரு மூச்சில் முடிந்துவிடும். இந்த மலை அப்படி இல்லை. எவ்வளவு நடந்தாலும் அது வலது கைப்பக்கமே நிற்கிறது, கொஞ்சம் கொஞ்சமாக முகத்தை மட்டும் மாற்றிக்கொள்கிறது. வெயில் ஏறியதும் தார் ரோடு வெறுங்காலைச் சுட்டது. ஒரு வெள்ளைக்காரர் காவி வேட்டி கட்டிக்கொண்டு சாவகாசமாக எங்களைத் தாண்டிப் போனார். எனக்கு அவர்மேல் காரணமில்லாத கோபம் வந்தது.

அடி அண்ணாமலையில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்துவிட்டோம். கடை நடத்துகிற அம்மாவுக்கு எங்கள் வயதிருக்கும். டீயை ஆற்றிக்கொண்டே, எங்கிருந்து வருகிறோம், என்ன வேண்டுதல் என்று விசாரித்தாள். நாளைக்குச் சாமியோடு போய்ப் பிள்ளைக்குத் திதி கொடுக்கப்போகிறோம் என்று சாந்தா சொன்னாள். 'பிள்ளைக்கு' என்ற சொல்லை அவள் வெளியாள் ஒருவரிடம் சொல்லி நான் கேட்டது அதுதான் முதல் தடவை.

அந்த அம்மா டீ ஆற்றுவதை நிறுத்தினாள். "நாளைக்கா? நாளைக்கு ஏதுங்க திதி? திதி மாசி மகத்துலதான். பள்ளிகொண்டாப்பட்டுல, ஆத்தங்கரையில குடுப்பாரு. இன்னும் ஒரு மாசம் கெடக்குது."

"அப்ப நாளைக்கு?"

"நாளைக்கு சாவு சேதி வர நாளுங்க. சாமி ஈசானிய குளத்துக்குப் போய் தீர்த்தவாரி முடிச்சுட்டு வருவாரு. வர வழியில ராஜா சண்டையில செத்துட்டாருனு சேதி வரும். அதோட மேளத்த நிறுத்திட்டு திரும்பிடுவாரு. திதியெல்லாம் அப்பால."

இந்தத் தப்பை எங்கள் ஊர்க்காரர்களைத் தவிர வேறு யாரும் செய்யமாட்டார்கள். எங்களுக்குத் தைப்பூசம்தான் திருவிழா. அன்றைக்குத்தான் லீவு, அன்றைக்குத்தான் காவடி, அன்றைக்குத்தான் உறுமிச் சத்தம் நெஞ்சைப் போட்டு உலுக்கும். எங்கள் ஊர்க் கோயிலில் கதை சொன்ன அம்மா பூசத்தையும் சொல்லியிருக்கிறார், மகத்தையும் சொல்லியிருக்கிறார். பெரிய காரியம் எதுவானாலும் தைப்பூசத்தில்தான் நடக்கும் என்று சாந்தா முடிவு கட்டிவிட்டாள். நானும் ஒரு வார்த்தை விசாரிக்காமல் தலையாட்டிவிட்டேன்.

மறுபடி நடக்கத் தொடங்கியதும் சண்டை வந்தது. ஒரு மாசம் இங்கேயே இருந்துவிடலாம் என்றாள். எனக்குப் பதிலாக பஸ் ஓட்டுகிறவர் ஒரு வாரத்துக்குத்தான் ஒத்துக்கொண்டிருக்கிறார், நான் போகாவிட்டால் வேலை போய்விடும் என்றேன். "வேலை யாருக்கு?" என்று கேட்டாள். நடுரோட்டில் நின்றுவிட்டேன். கிரிவலம் போகிறவர்கள் எங்களுக்கு விலகி இரண்டு பக்கமும் போனார்கள். கடைசியில் நான்தான் குரலைத் தாழ்த்தி, குளக்கரையில் யாராவது ஐயரைப் பிடித்து நாளைக்கே கொடுத்துவிடலாம், அதே ஊர்தானே, அதே சாமிதானே என்றேன். அவள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னால் நடந்தாள்.

சாயங்காலம் அய்யங்குளத்துக்குப் போனேன். திதி கொடுத்து வைக்கிற ஐயர் ஒருவர் கிடைத்தார். என் கதையைக் கேட்டுவிட்டு, "கொழந்தைக்குப் பெத்தவா பண்றது கொடுமைதான். ஆனா பண்ணப்படாதுன்னு இல்லை. நாளைக்கு சுவாமி திரும்பினதும் வாங்கோ" என்றார். லாட்ஜுக்கு வந்து சொன்னேன். சாந்தா துணிப்பையைத் திறந்து எள்ளில் கல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

தைப்பூசத்தன்று காலையில் ஏழுமலை எங்களை ஈசானிய குளத்துப் பக்கம் கொண்டுபோய் விட்டார். தானும் வண்டியை ஓரங்கட்டிவிட்டு வந்து பக்கத்தில் நின்றுகொண்டார். நாதஸ்வரமும் தவிலும் முன்னால் வர, சாமி மாலையெல்லாம் போட்டு ஜம்மென்று வந்தார். ஜனங்கள் அரோகரா என்று கத்தினார்கள். குளத்தில் தீர்த்தவாரி நடந்தது. சாமிக்குப் பதிலாகச் சூலத்தை முழுக்காட்டினார்கள். தண்ணீர் தெளித்தார்கள். ஒரு சின்னக் குழந்தையை அதன் அப்பா தோளில் தூக்கிக் காட்டினார். கல்யாண வீடு மாதிரிதான் இருந்தது. நான் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஐயர் காத்திருப்பாரே என்ற கவலை.

சாமி திரும்பினார். கொஞ்ச தூரம் மேளத்தோடுதான் வந்தார். பிறகு, எங்கிருந்து சைகை வந்தது என்று நான் பார்க்கவில்லை, தவில்காரர் தோலின்மேல் உள்ளங்கையை வைத்து சத்தத்தை அடக்கினார். நாதஸ்வரக்காரர் வாயிலிருந்து எடுத்து, வாத்தியத்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு தலையைக் குனிந்தார்.

"சேதி வந்துடுச்சு" என்றார் ஏழுமலை மெதுவாக. "அப்பா செத்துட்டாருனு சாமிக்குச் சொல்லிட்டாங்க."

அதற்குப் பிறகு கேட்டதெல்லாம் கால் சத்தம்தான். சாமியைச் சுமந்தவர்கள் மூச்சு வாங்குவது கேட்டது. யாரோ ஒருவர் போனில் சினிமாப் பாட்டு அலறியது, அவர் பதறிப்போய் அதை அமுக்கினார். தூரத்து ரோட்டில் வண்டிகள் ஹாரன் அடித்தன, இங்கே ஒருவரும் பேசவில்லை. அதே மாலை, அதே நகை. கொஞ்சம் முன்னால் மாப்பிள்ளை மாதிரி போன சாமி, இப்போது அப்பன் செத்த வீட்டுக்குப் போகிற பிள்ளை மாதிரி தெரிந்தார். உலகத்துக்கே படியளக்கிறவர், அவரே இந்த ஒரு சேதியைக் கேட்டுத்தான் ஆகவேண்டியிருக்கிறது. வேண்டாம் என்று யார் வாயையும் பொத்தவில்லை.

சாந்தா எனக்கு முன்னால் நடந்தாள். முந்தானையைத் தலைக்கு மேல் இழுத்துப் போட்டிருந்தாள். கோயில் வாசலில் சாமி உள்ளே போகும்வரை நின்றாள். பிறகும் நின்றாள்.

"வா, ஐயர் காத்திட்டிருப்பாரு" என்றேன்.

"திதி வேணாங்க."

"என்ன சாந்தா, எள்ளெல்லாம் தூக்கிட்டு வந்து..."

"சேதி வந்த அன்னிக்கே யாராச்சும் திதி கொடுப்பாங்களா? சாமியே ஒரு மாசம் துக்கம் காக்கப்போறாரு." அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். "எனக்கு இன்னும் சேதியே வரலீங்க. நீங்க சொல்லவே இல்லையே."

நீதானே சொல்ல விடவில்லை என்று வாய்வரை வந்தது.

மாட வீதியில் ஒரு சின்ன டிபன் கடை திறந்திருந்தது. ஒரு அம்மா அடுப்பில் வடை போட்டுக்கொண்டிருந்தாள். வெயிலுக்கு உள்ளே போய் உட்கார்ந்தோம். ஏழுமலை, தான் வெளியே நிற்பதாகச் சொல்லிவிட்டார். ஐயருக்குப் போன் போட்டு வரவில்லை என்று சொன்னேன். சாந்தா கையிரண்டையும் மேசைமேல் வைத்துக்கொண்டு, "சொல்லுங்க" என்றாள்.

ஒரு வருஷமாக மனசுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்தது. வாயைத் திறந்தபோது கோர்வையாக வரவில்லை.

"அன்னிக்கு ஷிஃப்ட் ஆளுங்களை இறக்கிவிட்டுட்டு நேரா ஆஸ்பத்திரிக்கு வந்துட்டேன். பஸ்ஸோட. நிறுத்த இடமில்ல. வாசல்லயே, வண்டி நிறுத்தக்கூடாத மஞ்சக்கோட்டுல போட்டுட்டு மேல ஓடினேன். நீ கிளம்பிப் போயிருந்த. அவன் கண்ணு முழிச்சான். 'பஸ்ஸை எங்கப்பா நிறுத்துனீங்க'ன்னு கேட்டான்."

"பேசினானா?"

"சத்தம் இல்ல. உதடுதான் அசைஞ்சுது. கீழ மஞ்சக்கோட்டுலதான்டான்னு சொன்னேன். 'சம்மன் போட்டுருவாங்கப்பா, போயி மாத்தி நிறுத்திட்டு வாங்க'ன்னான். நான் போகல. கால் ரெண்டும் சில்லுன்னு இருந்துச்சு. பிடிச்சுக்கிட்டே உக்காந்திருந்தேன். கொஞ்ச நேரம் கழிச்சு மறுபடி பார்த்தான். 'இன்னும் போகலையா'ன்னான். போறேன்டா, நீ தூங்குன்னேன். தூங்கினான். அவ்வளவுதான், சாந்தா. அப்புறம் அந்த மெஷின்தான் சத்தம் போட்டுச்சு."

"வலிக்குதுன்னு சொன்னானா?"

"இல்ல."

"என்னைக் கேட்டானா?"

கேட்டான் என்று சொல்வதாகத்தான் இத்தனை நாளும் நினைத்திருந்தேன். அம்மா எங்கே என்று கேட்டான், நீ கஞ்சி எடுத்துவரப் போயிருக்கிறாய் என்று சொன்னேன், சிரித்தான் என்று முழுசாகக் கட்டி வைத்திருந்தேன். அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு அதைச் சொல்ல முடியவில்லை.

"கேக்கல" என்றேன்.

அவள் தலையை ஆட்டினாள்.

"சம்மன் போட்டாங்களா?"

"போட்டாங்க. அபராதம் கட்டினேன்."

"பிள்ளை அவ்வளவு சொல்லியிருக்கான். போயி மாத்தி நிறுத்தியிருக்கலாம்ல. யாரு சொன்னாலும் கேக்கவே மாட்டீங்க நீங்க, யாரு சொன்னாலும்..."

அந்த வார்த்தை முடியவில்லை. அதிலிருந்தே ஓலம் கிளம்பியது. ஒரு வருஷம் உள்ளே கிடந்தது. "என் சாமி, என் ராசா" என்று மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டாள். நான் அவள் தலைக்கும் மேசைக்கும் நடுவில் என் கையைக் கொடுத்தேன். நானும் அழுதேன். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எழுந்து நின்றுவிட்டார்கள்.

வடை போட்டுக்கொண்டிருந்த அம்மா பதறிக்கொண்டு வந்தாள். "இன்னாம்மா, இன்னா ஆச்சு?"

"என் பையன் போயிட்டாம்மா" என்றாள் சாந்தா.

"ஐயோ. எப்பம்மா?"

"இப்பதாம்மா சேதி வந்துச்சு."

அந்த அம்மா என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, மாவுக் கையோடு சாந்தாவைக் கட்டிக்கொண்டு கூடவே அழத் தொடங்கினாள்.